சிவப்புத் துணி ஏறாத கூரை

அருள்பிரகாசம் ரேடியோவுக்குள் பழைய கண்ணாடி வால்வைத் திரும்பச் சொருகினான். ராயபுரத்தில் அந்தக் குப்பத்துக்கே அது ஒன்றுதான் ரேடியோ. வானிலை அறிக்கையில் புயல் என்று வந்தால் அவன் கூரைமேல் சிவப்புத் துணி கட்டுவான். துணி ஏறவில்லையென்றால் கட்டுமரங்கள் கடலுக்குப் போகும்.

இன்று விடியற்காலையிலும் போயின. இப்போது காற்று கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

"சீக்கிரம் போடுய்யா! என் தம்பி சவரி கடல்ல கீறான்!" என்று கத்தினாள் மனைவி எல்சி.

வாசலில் கிழவர் ஜேக்கப் நின்றார். சவரியோடு போனவன் அவருடைய ஒரே மகன்.

ரேடியோ கரகரத்தது. 'மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று நேற்று மாலை முதலே எச்சரிக்கப்பட்டு வருகிறது...'

எல்சி தலையில் அடித்துக்கொண்டாள். "நேத்தே சொல்லிகீறான்! இந்தக் கசுமாலம் புடிச்ச பொட்டி நேத்துதானா கெட்டுப்போவணும்? கெட்டுச்சின்னு ஒரு கொரல் குடுத்திருக்கக் கூடாதாய்யா?"

"ஒடனே சரி பண்ணிடலாம்னு நெனச்சேன்..."

ஜேக்கப் உள்ளே வந்து அவன் தோளைத் தொட்டார். "அவன திட்டாத எல்சி. மிசினு கெட்டுப்போனா அவன் இன்னா பண்ணுவான்? நீ அழுவாத நைனா."

அருள்பிரகாசம் தலை நிமிரவில்லை. அவன் சட்டைப் பையில், நேற்று ஒரு ஜப்பான் கப்பல்காரனிடம் கெஞ்சி வாங்கிய புது வால்வு கிடந்தது. அதைப் போட்டால் டோக்கியோ ஸ்டேஷன் எடுக்குமா என்ற ஆசையில், நன்றாகப் பாடிக்கொண்டிருந்த ரேடியோவை நேற்று மாலை கழற்றிப் போட்டவன் அவன்தான்.