கூரையைக் கழட்டுங்க

“கூரையைக் கழட்டுங்க” என்றார் ஓவர்சியர் பிரேம்நாத்.

யேசுதாஸுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கூரை ஏறி முழுசாக ஒரு நாள்கூட ஆகவில்லை.

தொழிற்சாலையில் செய்து, லாரியில் ஏற்றி வந்து, கிரேன் வைத்து, காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கையில் இறக்கிய வீடு அது. நேற்றுக் காலையில் வெறும் அஸ்திவாரமாகக் கிடந்த இடத்தில் சாயங்காலம் கதவு, ஜன்னல், கூரையோடு வீடு நின்றது. ஷேர் ஆட்டோ ஓட்டும் யேசுதாஸும் மனைவி கிரேஸும் கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடுகளிலேயே காலம் தள்ளியவர்கள். கிரேஸ் சும்மா சும்மா கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

இந்த மாதிரி வீட்டுக்கும் அரசாங்கம் பணம் தரும் என்று புதிதாக அறிவித்திருந்தார்கள். அதை நம்பித்தான் கம்பெனிக்காரன் வீட்டை இறக்கியிருந்தான். “பணம் வரலைன்னா வந்த வண்டியிலயே வீட்டை ஏத்திக்குவோம்” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டும் போனான்.

“இன்னா சார் கோளாறு? ஒழுகுதா, ஆடுதா?” என்றார் யேசுதாஸ்.

“கோளாறு ஒண்ணுமில்ல. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் கீழே இருக்கட்டும். அப்புறம் மாட்டிக்கலாம். வெறும் போல்ட்டுதானே?”

“காரணம் சொல்லுங்க சார்.”

“காரணமெல்லாம் கேக்காதீங்க. பணம் வேணும்னா கழட்டுங்க.”

பைக்கை உதைத்துக் கிளம்பிவிட்டார்.

எதிரே டீக்கடை வைத்திருக்கும் ராமராஜன், தன் கடைப் பாலைத் தவிர ஊரில் எல்லாவற்றையும் சந்தேகப்படுகிற மனிதர். பாதி ஆற்றிய டீயோடு ஓடி வந்தார்.

“பணம் வேணும்னான்னு சொன்னாரா? அதுக்கு மேல இன்னாப்பா புரியணும் உனக்கு? கை அரிக்குது அவருக்கு.”

“வாயைத் தொறந்து எதுவும் கேக்கலியே?”

“காஞ்சிபுரத்துல எவன்பா வாயைத் தொறந்து கேக்கறான்? வீட்டுக்குப் பட்டுப் புடவை போனா அவனா வழிக்கு வருவான். தங்கச்சிகிட்ட குடுத்து அனுப்பு.”

கிறிஸ்மஸுக்கென்று எடுத்து வைத்திருந்த பட்டுப் புடவையைப் பையில் போட்டுக்கொண்டு கிரேஸ் பிரேம்நாத்திடம் போனாள். ஒரு தடவைகூடக் கட்டிப் பார்க்காத புடவை.

“என்னம்மா இது?” என்றார் பிரேம்நாத்.

“வீட்டுல அம்மாவுக்கு சார்.”

அவர் முகம் சிவந்துவிட்டது. “எடுத்துட்டுப் போம்மா. கூரையைக் கழட்டியாச்சா, இல்லையா?”

“இன்னும் இல்ல சார்...”

“முதல்ல அதைச் செய்யுங்க. இருட்டறதுக்குள்ள முடியணும்.”

புடவை திரும்பி வந்ததைப் பார்த்ததும் ராமராஜன் உதட்டைப் பிதுக்கினார். “புடவைக்கு மசியலன்னா பெருசா எதிர்பாக்கறான்பா.”

வேறு வழியில்லை. மாட்டிவிட்ட ஆட்களையே கெஞ்சிக் கூப்பிட்டுக் கழட்டினார்கள். கூரைப் பலகைகள் வாசலில் அடுக்கிக் கிடந்தன. பாத்திரம் பண்டத்தையெல்லாம் தார்ப்பாய் போட்டு மூடியும், பெய்த தூறலில் புது மெத்தை நனைந்துவிட்டது.

மறுநாள் காலையில் ஒரு ஜீப் வந்து நின்றது. மேலிடத்திலிருந்து பெரிய அதிகாரி. பிரேம்நாத் பின்னாலேயே வந்தார்.

“என்னய்யா, இன்னும் கூரை ஏறலையா?” என்றார் அதிகாரி.

“வேலை நடந்துட்டிருக்கு சார். கொஞ்சம் லேட்டாயிடுச்சு.”

“உங்க ஏரியாவுல எதுதான் லேட்டாகல? ஒரு மெமோ குடுத்தாத்தான் சரிப்படுவீங்க.”

“சாரி சார்.”

கூசாமல் பொய் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நிற்பதைப் பார்! யேசுதாஸுக்குப் பொறுக்கவில்லை. போதாததற்கு ராமராஜன் பின்னாலிருந்து முதுகில் இடித்தார்.

“பொய் சார்!” என்று முன்னால் வந்தார் யேசுதாஸ். “கூரை முந்தாநாளே ஏறிடுச்சு. இவருதான் மிரட்டிக் கழட்ட வச்சாரு. நான் சர்ச்சு சபை கமிட்டியில இருக்கறவன் சார், செத்தாலும் பொய் பேச மாட்டேன். இந்தா பாருங்க, போட்டோ இருக்குது!”

செல்போனில், முழு வீட்டு வாசலில் கிரேஸ் சிரித்துக்கொண்டு நின்றாள்.

அதிகாரி உற்றுப் பார்த்துவிட்டு, அப்போதுதான் கையிலிருந்த ஃபைலைப் புரட்டினார். பிரேம்நாத் கண்ணை மூடிக்கொண்டார்.

“நல்லவேளை சொன்னீங்க” என்றார் அதிகாரி. “உங்களுக்கு உத்தரவே இன்னும் வரல. அதுக்குள்ள கூரை ஏறிட்டா அது முடிஞ்ச வீடாச்சே! அப்ப பணம் கிடையாதே. திட்டம் வீடில்லாதவங்களுக்கு. உங்களுக்குத்தான் வீடு இருக்கே.”

“சார், செங்கல் வீட்டை மனசுல வச்சுப் போட்ட ரூல் சார் அது” என்று பிரேம்நாத் கெஞ்சினார். “இது ஒரே நாள்ல நிக்கற வீடு. உத்தரவு இந்த வாரத்துல வந்துடும்...”

“ரூல் ரூல்தான். லிஸ்ட்லேருந்து இவங்க பேரை எடுத்துடுங்க. நீங்க நாளைக்கு ஆபீஸுக்கு வந்து விளக்கம் குடுங்க.”

ஜீப் போய்விட்டது. ராமராஜன் கடைக்குள் போய் யாரும் கேட்காத டீயை மும்முரமாக ஆற்றிக்கொண்டிருந்தார். கிரேஸ் சுவரைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஒரு வார்த்தை எங்ககிட்ட சொல்லியிருக்கக் கூடாதா சார்?” என்று கேட்டார் யேசுதாஸ்.

பிரேம்நாத் பைக்கில் ஏறி உட்கார்ந்தார்.

“சொல்லியிருந்தா, அவர் கேக்கும்போது நீங்களும் பொய் சொல்ல வேண்டியிருக்கும். நீங்க சொல்ல மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். அதான், அந்தப் பாவம் என்னோடயே போகட்டும்னு நெனச்சேன்.”