இடது காலின் எக்ஸ்ரே

கிளினிக் சுவரில் ரவுட்டரின் பச்சை விளக்குகள் ஒன்றுமே தெரியாததுபோல் கண் சிமிட்டுகின்றன. நெட்வொர்க் பார்க்கிறவள் தரையில் சம்மணமிட்டு, மடியில் லேப்டாப்போடு காலையிலிருந்து மல்லுக்கட்டுகிறாள். சர்வரில் உள்ள எக்ஸ்ரே இங்கே சொடக்குப் போடுவதற்குள் திறக்கிறது. வேறு ஊரிலிருக்கும் எலும்பு டாக்டருக்கு மட்டும் திறக்க மாட்டேன் என்கிறது. "இன்னும் வரலம்மா," என்கிறது ஸ்பீக்கரில் அவர் குரல். எதிர் பெஞ்சில் பஸ் டிரைவர், வீங்கிய இடது காலை நீட்டி, கழற்றிய ஷூவை மடியில் வைத்திருக்கிறார். "உள்ள இருந்தே பாக்குறீங்களேம்மா. வெளியிலேருந்து பஸ் கதவு திறக்கலைன்னா நாங்க இறங்கித்தான் பாப்போம்." அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு போனில் வைஃபையை அணைத்து, வெளி ஆள்போல் மொபைல் டேட்டாவில் எக்ஸ்ரேயைத் திறந்து பார்க்கிறாள். இப்போது அவளுக்கும் திறக்கவில்லை; அதற்கே அவள் முகம் மலர்கிறது. நேற்று கரண்ட் போய் வந்ததில் சர்வருக்கு நெட்வொர்க்கில் புது முகவரி எண் கிடைத்திருக்கிறது. ரவுட்டரோ வெளியிலிருந்து வருகிறவர்களைப் பழைய எண்ணுக்கே அனுப்பிக்கொண்டிருக்கிறது. ரவுட்டரில் எண்ணை மாற்றுகிறாள். "வந்துருச்சு," என்கிறார் டாக்டர். கொஞ்சம் பொறுத்து, "எலும்பு முறியல. சுளுக்குதான்." டிரைவர் மடியிலிருந்த ஷூவை எடுத்து, இடது காலுக்கு நேராகத் தரையில் வைக்கிறார்.