அண்ணைக்கு இன்னொரு தோசை

ஹோம்புஷ் ரயில் நிலையத்துக்கு எதிரிலுள்ள சாப்பாட்டுக் கடையில், சுதாகரனின் தட்டில் தர்சினி தன் கையாலேயே நான்காவது தோசையை எடுத்து வைக்கிறாள். லண்டனில் எந்தத் தயாரிப்பு நிறுவனமும் கைகொடுக்காத தன் சின்ன பட்ஜெட் படத்துக்கு அவளுடைய கம்பனி முதல் போடுமா என்று கேட்கத்தான் அவன் சிட்னிவரை வந்திருக்கிறான். படத்தின் கதை, முன்பு லண்டனில் அவனை நம்பி அவள் வாசிக்கக் கொடுத்த கதை. திரைக்கதையின் அட்டையில் இப்போது அவன் பெயர் மட்டும் இருக்கிறது. மாலை வெயில் கண்ணாடியூடாக வந்து அவனுடைய மூடிய லாப்டாப்பின் மேல் விழுகிறது. அதைத் திறக்க அவன் இடக்கையை நீட்டும்போதெல்லாம் அவள் சாம்பார் வாளியைத் தூக்குகிறாள். "முதல்ல வடிவாச் சாப்பிடுங்கோ அண்ணை, பிறகு கதைப்பம்." வலக்கை முழுக்க எண்ணெயும் சட்னியுமாக, மறுக்கவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் அவன் சிரிக்கிறான். அவன் நெற்றியில் வியர்வை அரும்புவது அவளுக்கு இனிக்கிறது. அவனை விமான நிலையத்துக்கு ஏற்றிப்போக வந்த கார் வாசலில் ஹோர்ன் அடிக்கிறது. "காணும் தங்கச்சி, வயிறு வெடிக்கப் போகுது. படத்தைப் பற்றி ஒரு வார்த்தை..." தர்சினி நிதானமாக இன்னொரு தோசையை வைக்கிறாள். "என்ர முழுக்கதையையும் விழுங்கின வயிறு அண்ணை, இதுக்கெல்லாம் வெடிக்காது."