யோகலிங்கம் என்றொரு சொல்

துறைமுக வாசலடிப் பழைய இரும்புக்கடை முதலாளிக்கு வந்தவன்மேல் சந்தேகம். சாமானுக்கு விலை கேட்காமல் கதை கேட்பவன் பொலிசாகத்தான் இருக்கவேண்டும்.

“களவுச் சாமானை இஞ்ச ஏன் ‘யோகலிங்கம்’ எண்டு சொல்லுறீங்கள்?”

“அதுவோ?” பழங்கதை என்றதும் முதலாளிக்குப் பயம் தெளிந்தது. “யோகலிங்கம் அந்த நாளில எங்களோட சேர்ந்து துறைமுகத்தில மூட்டை இறக்கினவன். வாசல்ல சோதிக்கேக்க அவன்ர சோத்துப்பெட்டிக்குள்ள பித்தளை வால்வு அம்பிட்டுது. வேலையும் போச்சு. அண்டையில இருந்து களவெடுத்த சாமானெல்லாம் யோகலிங்கம்தான்.”

“களவெடுத்தவர் பெட்டியைத் தானே திறந்து காட்டினவராமே?”

“பாவி, அவனுக்கென்ன தெரியும்! அவன் கை கழுவப் போன நேரத்திலயல்லோ நான் உள்ள வைச்சனான்...”

முதலாளி நாக்கைக் கடித்தார்.

வந்தவன் எழும்பினான். “நான் அவற்ர மகன். அந்தச் சொல்லில இருந்து அப்பான்ர பேரை எடுக்கோணும். உங்கட முழுப்பேரைச் சொல்லுங்கோ, ஐயா.”