கடைசியாகச் சொன்ன பெயர்

பாயில் முழங்காலிட அவளுக்கு வரவில்லை. பழக்கம் விட்டு இருபத்தாறு வருடம்.

சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினாள்.

தம்பி டேவிட்சன் நகர்ந்து இடம் விட்டான். அது அப்பா இருந்த இடம். முந்தாநாள்தான் அடக்கம் செய்திருந்தார்கள். நாக்பூரிலிருந்து அவள் தூத்துக்குடி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வீட்டு வழக்கம் மட்டும் மாறவில்லை. ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். கடைக்குட்டி முதலில் ஜெபிக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் கடைக்குட்டி டேவிட்சன். ஜெபம் முடிவதற்குள் தூங்கிவிடுவான். அப்பா ஆமென் சொல்லும்வரை அவள்தான் அவன் தலையைத் தோளில் தாங்கியிருப்பாள். அப்பாவின் ஜெபம் நீளமானது. துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிறவர்கள், கடலுக்குப் போனவர்கள், தெருவில் சண்டை போட்டுக்கொண்டவர்கள், ஒருவர் விடாமல் பெயர் சொல்லிக் கேட்பார். அவளுக்கு முழங்கால் மரத்துப்போகும். ஆனாலும் அந்தக் குரல் நின்றுவிடக் கூடாது என்றிருக்கும்.

கிரிதரனைக் கட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போனாள்.

அதன்பின் அப்பா அவளோடு பேசவில்லை.

ஒரே ஒரு கடிதம் எழுதினாள். முதல் குழந்தை பிறந்ததையும், இரண்டாம் நாளே இறந்ததையும்.

பதில் வரவில்லை.

பெற்றவரே திரும்பிப் பார்க்கவில்லை. மேலே இருப்பவர் மட்டும் பார்க்கவா போகிறார் என்று நினைத்தாள். அன்றோடு ஜெபத்தை விட்டாள். பிறகு பிறந்த நந்தினியையும் கோகுலையும் டேவிட்சன் மட்டும் எப்போதாவது போனில் விசாரிப்பான்.

இப்போது கடைக்குட்டி, டேவிட்சனின் மகள் ஜெமிமா. எட்டு வயது. அத்தையை நேற்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

கண்ணை இறுக மூடிக்கொண்டு வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தாள்.

"அப்பாவ, அம்மாவ, நாக்பூர்ல இருக்க அத்தைய, கிரிதரன் மாமாவ, நந்தினி மதினிய, கோகுல் அத்தான, எல்லாரையும் காத்துக்கொள்ளும் ஆண்டவரே. உம்ம மடியில இருக்க கிருபாவுக்காக ஸ்தோத்திரம். ஆமென்."

கேட்டுக்கொண்டிருந்த அத்தை கண்ணைத் திறந்தாள்.

கிருபா.

இறந்த குழந்தைக்கு அவள் மனதுக்குள் வைத்த பெயர். கிரிதரனிடம்கூடச் சொன்னதில்லை. அந்தக் கடிதத்தில் மட்டும்தான் எழுதியிருந்தாள்.

டேவிட்சன் அவள் முகத்தைப் பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்.

"அப்பா சொல்லிக் குடுத்த ஜெபம்க்கா. தெனமும் கடைசியா அந்தப் பேரச் சொல்லுவாவ. யாருன்னு கேட்டா சொல்லமாட்டாவ."

அவள் மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

டேவிட்சனின் மனைவி ஜெபித்தாள். டேவிட்சன் ஜெபித்தான்.

"அக்கா, இனி நீதான்."

எப்படித் தொடங்குவது என்று மறந்துபோயிருந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. வெளியே ஒரு சைக்கிள் போனது.

கைகளைக் கூப்பிக்கொண்டாள்.

"அப்பா," என்றாள்.