ஒரு மலை மண்

மலைக்காட்டில் ஓடிய பழைய டீசல் ஜீப் ஒன்று கரும்புகையாகக் கக்கியது. புகைப் பரிசோதனையில் இந்த முறையும் தேறாவிட்டால் காயலான் கடைதான்.

"எல்லாம் உன்னாலதான்!" என்று எஞ்சின் சைலன்சரைத் திட்டித் தீர்த்தது. தன் வாய் வழியாகத்தானே புகை வருகிறது என்று சைலன்சரும் அதை நம்பிவிட்டது. மெக்கானிக் சவரிமுத்து சைலன்சரைக் கழற்றித் தட்டித் துடைத்து மாட்டினார். புகை குறையவில்லை. டீசலைப் பீய்ச்சும் நாஸிலை மாற்றினார். அப்போதும் அதே கறுப்பு.

கடைசியில், யாருமே திறந்து பார்க்காத ஏர் ஃபில்டரை வெளியே எடுத்துத் தரையில் தட்டினார். செம்மண் கொட்டியது, கொட்டிக்கொண்டே இருந்தது. ஜீப் ஏறிய மலையெல்லாம் தன் கண்ணெதிரே குவிவதுபோல் இருந்தது சைலன்சருக்கு. காற்று நுழைய இடமில்லாமல்தான் டீசல் சரியாக எரியாமல் புகைந்திருக்கிறது. ஆனால் எஞ்சினுக்குள் ஒரு பொட்டு மண்கூடப் போகவில்லை.

புது ஃபில்டரை மாட்டியதும் சைலன்சரிலிருந்து வந்தது கண்ணுக்கே தெரியாத வெறும் காற்று. எஞ்சின் குஷியாக உறுமத் தொடங்கியது.

சைலன்சர் மட்டும், கீழே கிடந்த பழைய ஃபில்டரைப் பார்த்து மெல்லக் கேட்டது: "மூச்சு முட்டக் கிடந்திருக்கியே தம்பி, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"எப்படிண்ணே? வாயைத் திறந்தா மண்ணு உள்ள போயிடுமே."