அதே சிவப்பு

“அச்சு அசலா இதே சிவப்பு வேணும் ஷெரில். துளி வித்தியாசம் தெரிஞ்சாலும் நான் செத்தேன்” என்றான் நெவில், குரலைத் தாழ்த்தி. ஷெரிலின் பெயின்ட் கடையில் அவர்கள் இருவரைத் தவிர ஈ, காக்கா இல்லை.

கவுன்டரில் அவன் வைத்த பிளாஸ்டிக் துண்டை ஷெரில் பார்த்தாள். உள்ளங்கையில் பாதி இருக்கும். சிவப்பில் ஒற்றை வெள்ளைக் கோடு. வயாலா ஊரில் ரிமோட் கார் ஓட்டுகிற எல்லோருக்கும் தெரிந்த கோடு அது.

“ஐயையோ! இது க்ளைவோட காராச்சே?”

“ஆமா. சனிக்கிழமை பிராக்டிஸ்ல அவர் சம்சாரம் இதை ஓட்டிப் பார்க்கிறப்போ என் வண்டி மேட்டுல எகிறி, நேரா இது மேல வந்து உக்காந்துடுச்சு. மேல்கூடு நாலு துண்டு.”

கிளப்பில் பாதிப் பேருக்குக் கார் கூடு பெயின்ட் அடித்துக் கொடுத்தவர் க்ளைவ். இரண்டு வருஷம் முன்னால் பக்கவாதம் வந்து அவருக்கு வலது கை விளங்காமல் போயிற்று. அதற்கு முந்தின வாரம் அடித்து முடித்த கூடுதான் இது.

மாதத்தின் முதல் ஞாயிறு, பந்தயத்துக்கு முன்னால் அவர் மனைவி டெல்மா அந்தக் காரை ஒரே ஒரு சுற்று ஓட்டுவாள். க்ளைவ் நாற்காலியில் உட்கார்ந்தபடி பார்ப்பார். காரை வேறு யாரும் தொட டெல்மா விடமாட்டாள்.

“மனுஷனுக்குத் தெரியுமா?”

“தெரியாது. டெல்மா மூச்சு விடக் கூடாதுன்னுட்டாங்க. ‘அதே மாதிரி இன்னொண்ணு அடிச்சுக் கொண்டா, அவருக்குக் கண்டுபிடிக்கவே தெரியாது’ன்னு சத்தியம் பண்ணாத குறையா சொல்றாங்க. சொல்லும்போதே அழுதுட்டாங்க. அந்த முகம் கண்ணை விட்டுப் போகமாட்டேங்குது.”

நெவிலின் கை கண்ணில் பட்ட முதல் சிவப்பு டப்பாவை எடுத்தது. ஷெரில் அதை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

“உனக்கென்ன புத்தி கெட்டுப் போச்சா? இது இரும்பு கேட்டுக்கு அடிக்கிறது. காய்ஞ்சதும் விறைச்சுக்கும். முதல் இடியிலேயே பொலபொலன்னு கொட்டிடும். இதைப் பிடி, பாலிகார்பனேட்டுக்குன்னே செஞ்சது. பிளாஸ்டிக்கை நல்லா கவ்விக்கும். கூடு வளைஞ்சா இதுவும் சேர்ந்து வளையும்.”

பேசிக்கொண்டே உடைந்த துண்டின் மேல்பக்கத்தை நகத்தால் சுரண்டினாள். நகத்தோடு சிவப்பு உரிந்து வந்தது.

“க்ளைவ் அடிச்சது உரிஞ்சு நான் பார்த்ததே இல்லையே!”

“நான் போட்ட போடு அப்படி” என்றான் நெவில், தலையைக் குனிந்துகொண்டு.

அந்த வாரம் முழுக்க, பள்ளிக்கூட பஸ்ஸை ஷெட்டில் விட்டுவிட்டு வந்ததும் கராஜுக்குள் புகுந்துகொண்டான். கண்ணாடி போல ஊடுருவித் தெரிந்த புதுக் கூட்டைப் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டு இரண்டு முறை கழுவினான். விரல் எண்ணெய் பட்டால் அந்த இடத்தில் பெயின்ட் பிடிக்காது என்று கையுறை வேறு.

கூட்டைக் கவிழ்த்து வைத்து, டேப் ஒட்டி, உள்பக்கமாகவே அடித்தான். முதலில் வெள்ளைக் கோடு, அது காய்ந்த பிறகு சிவப்பு. உள்ளே அடித்துவிட்டால் வெளியே எந்தத் தரையில் உரசினாலும் நிறத்துக்கு ஒன்றும் ஆகாது. இந்த விளையாட்டில் இறங்கியவனுக்கு முதல் நாளே தெரிகிற பாடம் அது.

மெல்லிசாக ஐந்து பூச்சு அடித்தான். ஒவ்வொரு பூச்சுக்கும் மனசு இன்னும் கொஞ்சம் கனத்தது. உடைத்தது கைத்தவறு, சரி. கை விழுந்துபோன மனுஷனை உட்காரவைத்து ஏமாற்றுவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

முதல் ஞாயிறு காலை, பந்தயத் திடலில், புதுக் கூடு மாட்டிய காரை டெல்மா தரையில் வைக்கப் போனாள்.

“இரு டெல்மா. அதை இப்படிக் கொடு” என்றார் க்ளைவ்.

என்றைக்கும் இல்லாத வழக்கம். டெல்மா நெவிலைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் காரை அவர் மடியில் வைத்தாள்.

க்ளைவ் இடது கையால் கிளிப்புகளைத் தட்டுத்தடுமாறிக் கழற்றினார். உதவப் போன டெல்மாவைத் தலையசைத்துத் தடுத்தார். கூட்டைத் தனியே எடுத்து, வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு கவிழ்த்து உட்புறத்தைக் கட்டை விரலால் தடவினார். அவர் முகத்தில் ஒரு குறிப்பும் இல்லை.

அதற்குமேல் நெவிலுக்குத் தாங்கவில்லை.

“என்னை மன்னிச்சிடுங்க க்ளைவ். உங்க கையால அடிச்ச கடைசிக் கூட்டை நான் உடைச்சிட்டேன். இது நான் அடிச்சது. உங்களை ஏமாத்தப் பார்த்தேன். டெல்மா மேல தப்பே இல்ல, எல்லாம் என்னாலதான்.”

டெல்மாவின் முகம் வெளிறிப்போயிற்று. அவள் தரையைப் பார்த்தபடி நின்றாள்.

க்ளைவுக்குக் கோபம் வரவில்லை. விளங்குகிற கையை நீட்டி மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, நெவிலைப் பார்த்துச் சிரித்தார்.

“நீயாவது உள்பக்கம் அடிச்சே. போன வருஷம் நான் அடிச்ச கூட்டை உடைச்சிட்டு, பாவம், இவ புதுசுல வெளிப்பக்கமா அடிச்சு வச்சிருந்தா!”